விமானம் இன்னும் இறங்கவில்லை

நாற்காலியின் மேல் ஏறி நின்று அவள் இரண்டாவது கடிகாரத்துக்குப் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் ஒரு கால் கட்டை. அது ஆடும்போதெல்லாம் அவர் கை தானாக அதன் விளிம்பைப் பிடிக்கப் போகும், பாதி தூரத்தில் நின்றுவிடும்.

"அப்படியே ஒரு மணி நேரம் தள்ளி வச்சிடட்டுமாப்பா? போன ஞாயித்துக்கிழமையே அங்க நேரத்தை மாத்திட்டாங்க."

"விடு."

"தப்பா காட்டுதேப்பா."

"காட்டட்டும். ஓடுதுல்ல, அது போதும். போய் டீ போடு."

அந்தச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றின் கீழே அப்பா ஒரு துண்டுக் காகிதத்தில் 'இங்கே' என்று எழுதி ஒட்டியிருந்தார். மற்றதன் கீழே 'அங்கே'. அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போன வாரம் ஒட்டியது. முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். வண்டி உள்ளே வந்த நிமிடத்தையும் வெளியே போன நிமிடத்தையும் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. மூன்று நிமிடம் தாமதமாக வண்டி எடுக்கும் டிரைவரை அவர் திட்டமாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு வசவே தேவலை என்பார்கள்.

அண்ணன் இருந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அது அப்பாவுக்குப் பெரிய வேடிக்கை. "ஒரு தேசமே சேர்ந்து டைம் கீப்பரை ஏமாத்துது பாரு" என்று சிரித்துக்கொண்டே, அந்தந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். மூன்று நான்கு வருடங்களாக அதை விட்டுவிட்டார். 'அங்கே' பாதி வருடம் சரியாகவும் பாதி வருடம் ஒரு மணி நேரம் தப்பாகவும் ஓடியது. வயசாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுக்களையில் பால் பொங்கி வரும்போது, "சர்க்கரை அரை ஸ்பூன்தான், சொல்லிட்டேன்" என்று குரல் கொடுத்தாள். வழக்கமாக இதற்கு ஒரு முனகல் வரும். வரவில்லை. டம்ளரோடு திரும்பி வந்தபோது அவருடைய கை கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது. முகம் கடிகாரங்களின் பக்கம் திரும்பியிருந்தது.

ஆறு நாற்பது. 'இங்கே' காட்டிய காலை ஆறு நாற்பது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துச் சர்டிபிகேட் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள். அங்கே நடுராத்திரி. ஆனாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பாவம், தூக்கமில்லாமல் இருந்திருக்கிறான் என்று தோன்றியது.

"அண்ணா, அப்பா..."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நான் வந்துடறேன் குட்டி. எடுத்துடாதீங்க. என் முகத்தைக் காட்டணும் அவருக்கு."

"காலையில கிளம்பற ஃப்ளைட்டைப் பிடிச்சா நாளைக்கு எட்டு இருபதுக்கு இறங்கிடலாம். நான் டிக்கெட் போடட்டுமா?"

"வேணாம், வேணாம். இங்க ஆபீஸ்ல போட்டுத் தருவாங்க. அந்த ஃப்ளைட்லயே வர்றேன்."

டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், நடுவில் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு வாய்ப்பாடு போல அவளுக்கு மனப்பாடம். அண்ணனின் ஊர் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். முதல் விமானம் ஒன்பது நாற்பது, காத்திருப்பு இரண்டரை மணி, அடுத்த விமானம் ஏழு பத்து. மொத்தம் பத்தொன்பது மணி இருபது நிமிடம். அந்தக் கணக்கை அவள் ஒரு தடவை அப்பாவிடமே சொல்லியிருக்கிறாள்.

அது இரண்டு வருடத்துக்கு முன்னால். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்த பெரிய ஊரில் அவளுக்கு மேலாளர் பதவி தருவதாகச் சொன்னார்கள். அவள் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பேர் அதற்குள் அங்கே மேலாளர்களாகியிருந்தார்கள். முதலாளி கடிதத்தை மேஜைமேல் வைத்து, "இனிமேலாவது உங்களுக்காக ஒரு டிக்கெட் போடுங்கம்மா" என்றார். விமானத்தில் ஒரு மணி ஐந்து நிமிடம். ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்.

"வாராவாரம் வந்துடுவேம்பா" என்று அவள் சொல்லிப்பார்த்தாள்.

"போ. யாரு வேண்டாம்னா? நான் சமாளிச்சுக்கறேன்" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, "நடுவுல விழுந்து கிழுந்து வச்சா அவனைக் கூப்பிட்டுக்கறேன். அவன் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

"பத்தொன்பது மணி இருபது நிமிஷம்பா."

"அவ்வளவுதானே? அதுவரைக்கும் தரையிலயே கிடக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் அவள் முதலாளியிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். போன மாதம் அவர் நிஜமாகவே குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டபோது, நல்லவேளை போகவில்லை என்றுதான் நினைத்தாள்.

அப்பாவை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு மயானத்தில் நேரம் வாங்கினார் சித்தப்பா. அப்பாவின் தம்பி. எதையும் சிரிப்பாகச் சொல்லாவிட்டால் அழுதுவிடுவோமோ என்று பயப்படுகிற மனிதர்.

"என் அண்ணன் வாழ்க்கையில முதல் தடவையா லேட்டா கிளம்பறார், பாப்பா" என்றார். "எழுதி வச்சுக்கோ."

விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் போனில் பார்த்தாள். விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி அவளுக்கு வேலைக்கருவி. முதல் விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது கிளம்பவேயில்லை. இயந்திரக் கோளாறு, ஐந்து மணி நேரத் தாமதம். பகல் ஒன்று இருபதுக்குத்தான் இறங்கும்.

அண்ணனின் போன் அணைந்திருந்தது. செய்தி அனுப்பினாள். 'ஃப்ளைட் அஞ்சு மணி நேரம் லேட்டாமே. கவலைப்படாதே, நேரத்தை மாத்திடறேன். நீ இல்லாம எடுக்கமாட்டோம்.' கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. 'அங்கயே ஏதாவது சாப்பிடு. காலை நீட்டிப் படு, உனக்குக் கால் வீங்கும்.' அதன் பிறகும் இரண்டு.

சித்தப்பா மயானத்துக்குப் போய் நின்று, கெஞ்சிக் கூத்தாடி நேரத்தை நாலு மணிக்கு மாற்றி வாங்கிவந்தார். ஆனால் ஆஸ்பத்திரி வண்டிக்கு முன்பே சொல்லியாகிவிட்டதால் அப்பா எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கூடத்தில், இரண்டு கடிகாரங்களுக்கும் நேர் கீழே பெட்டியை வைத்தார்கள். டிப்போவின் பழைய டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவளை இழுத்துவைத்து இரண்டு வாய் தண்ணீர் குடிக்கச் செய்தாள்.

அவள் மடியில் போன் இருந்தது. அதில் கடல் நீலமாகப் பரந்து கிடக்க, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. இதோ, இதற்குள் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருப்பான். அழுதுகொண்டு வருவானோ என்னமோ. அதன்மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

ஒன்பது நாற்பதுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் ஒரு பையோடு அண்ணன் உள்ளே வந்தான்.

"அப்பா!" என்று பெட்டியின் மேல் விழுந்தான்.

டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா அண்ணனின் முதுகைத் தடவிக்கொடுத்து, "வந்துட்டியாடா, வந்துட்டியாடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மடியைப் பார்த்தாள். மஞ்சள் விமானம் இன்னும் கடலுக்கு மேலேதான் இருந்தது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். சட்டையின் கை மடிப்பு இஸ்திரி போட்டது போட்டபடி கத்தி மாதிரி நின்றது. பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்து வந்த சட்டைகளை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள்.

வேறு விமானம் ஏதாவது கிடைத்திருக்கும் என்று உடனே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்த விமானம்? அவளுக்குத் தெரியாத விமானம் ஒன்று உண்டா? அங்கிருந்து வரக்கூடிய மூன்று வழிகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எதில் வந்தாலும் மத்தியானத்துக்கு முன் இந்த வாசலை மிதிக்க முடியாது.

அவன் அழுது ஓய்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தான்.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்று கேட்டாள்.

"அதை விடு. நடுவுல அந்த ரெண்டரை மணி நேரம்தான் யுகமாப் போச்சு."

"போன் அணைஞ்சிருந்துதே."

"ஏறும்போது அணைச்சது. சார்ஜும் இல்ல. வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

சித்தப்பா எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தார். "பாப்பா, இவன்தான் சீக்கிரமாவே வந்துட்டானே. பழைய பதினொரு மணியே கிடைக்குமான்னு ஓடிப்போய்க் கேக்கட்டுமா? இன்னும் யாருக்காகக் காத்திருக்கணும்?"

"ஃப்ளைட் இன்னும் இறங்கல, சித்தப்பா" என்றாள் அவள்.

"யார் வர்ற ஃப்ளைட்?"

"அண்ணன் வர்ற ஃப்ளைட்."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவள் தலையில் கை வைத்தார். அவள் போனை அண்ணனின் மடியில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில், அவன் போனை உயிர்ப்பித்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து மணி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவள் அனுப்பிய செய்திகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

அவள் அடுக்களைக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"எங்கிருந்து வர்றே?"

அவன் ஊர்ப்பேரைச் சொன்னான், தலைமை அலுவலகம் இருந்த அதே பெரிய ஊர். ஒரு மணி ஐந்து நிமிடம்.

"எத்தனை வருஷமா?"

"நாலு ஆகப்போகுது." குழாயடியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அங்க வேலை போயிடுச்சு குட்டி. எட்டு மாசம் அலைஞ்சேன். அப்புறம் இங்க ஒரு வேலை கிடைச்சு வந்துட்டேன். உன் முன்னாடி வந்து நிக்க வெக்கமா இருந்துது. ஆறு மாசம் போகட்டும், சொல்லிடலாம்னு... அப்புறம் சொல்ற வேளை தாண்டிப்போச்சு."

"நாலு வருஷமா நடுராத்திரியில எழுந்து பேசற மாதிரி பேசினே."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவன் இறுக்கி மூடினான்.

"நேத்து காலையில ஏழு மணிக்குச் சொன்னேன். எட்டரை ஃப்ளைட்ல ஏறியிருந்தா பத்தரைக்கு இங்க இருந்திருப்பே. முழுசா ஒரு நாள் அவரை ஐஸ்ல வச்சிருந்தேன், நீ வர்றேன்னு."

"வந்தா எப்படி வந்தேன்னு கேப்பியே."

"அதுக்காக?"

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்திர அலமாரியில் நேற்று அவள் அப்பாவுக்கு எடுத்துப்போன டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. யார் கழுவினார்கள், நினைவில்லை.

"அப்பா உன்னையே நினைச்சுட்டுக் கண்ணை மூடினார்" என்றாள். "அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே. அவருக்காவது சொல்லியிருக்கலாம்."

கைகளை எடுக்காமலே அவன் சொன்னான். "அவருக்குத் தெரியும்."

வெளியே யாரோ டிரைவர் இருமினார்.

"வந்த மறுநாளே சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்றேன்னுதான் சொன்னேன், சத்தியமா. அப்பாதான் வேண்டாம்னார்."

"ஏன்?"

"குட்டி, போனவரைப் பத்தி..."

"ஏன்னு கேட்டேன்."

"நீ பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சா அவ என்னை உன்கிட்ட விட்டுட்டுக் கிளம்பிடுவாடான்னார். உன்னால என்னை வச்சுப் பார்த்துக்க முடியுமா, உனக்கு ஒரு டீ போடத் தெரியுமான்னு சிரிச்சார்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்த கறை அப்படியே காய்ந்திருந்தது.

"இங்க வந்திருக்கியா?"

"நாலஞ்சு தடவை. நீ ஆபீஸ் போனப்புறம் வந்துட்டு, நீ திரும்பறதுக்குள்ள கிளம்பிடுவேன். அவர் விழுந்ததுக்கப்புறம் வரல. நீ லீவுல இருந்தே."

சில சாயங்காலங்களில் அலமாரியில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து இருந்திருக்கின்றன. தையல்காரம்மா வந்தாங்களாப்பா என்று கேட்டிருக்கிறாள். ம் என்றிருக்கிறார். மறந்தே போயிருந்தது.

"டீ யார் போட்டது?"

"என்ன?"

"நீ வந்தப்போ. டீ யார் போட்டது?"

"அப்பாதான்" என்றான் அண்ணன். "நல்லாவே போடுவார்."

அம்மா இறந்த பிறகு கழிந்த பன்னிரண்டு வருடத்தில் அப்பா அடுப்பைப் பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்னே எனக்குத் தெரியாது என்பார். ஆபீஸுக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் பிளாஸ்கில் இரண்டு வேளைக்கு ஊற்றி வைத்துவிட்டு, மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போவாள்.

கதவு தட்டப்பட்டது. "பாப்பா," என்றது சித்தப்பாவின் குரல், "டிரைவர்களுக்கெல்லாம் ஒரு வாய் ஏதாவது குடிக்கக் குடுக்கலாமா?"

"இதோ சித்தப்பா."

அண்ணனை நகரச்சொல்லி, பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. பதினாலு டம்ளர் இருக்குமா என்று எண்ணிப்பார்த்தாள்.

ஒன்று இருபதுக்கு அவள் போன் ஒரு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஃப்ளைட் இறங்கிடுச்சு, சித்தப்பா" என்றாள். சித்தப்பா அவளையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சிரிப்பாகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

நாலு மணிக்கென்று அப்பாவை எடுத்துப்போனார்கள். மயானத்தில் நேரம் எழுதுகிற ஆள் நோட்டைத் திறந்து, பேனாவைக் காதிலிருந்து எடுத்து, உள்ளே போன நிமிடத்தை எழுதினான். டிப்போக்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "நாலு மூணு. மூணு நிமிஷம் லேட்டு" என்றார். யாரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றான்.

"டிக்கெட் போட்டுத் தரட்டுமா?" என்றாள் அவள். "ஜன்னலோரமா?"

"குட்டி..."

"கேட்டேன், அவ்வளவுதான். என் தொழில் அது."

அவன் சுவரைப் பார்த்தான். "இதையாவது கழட்டிடலாமே" என்று 'அங்கே'யைக் காட்டினான். கட்டைக்கால் நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான்.

"விடு" என்றாள். "ஓடுதுல்ல."

அப்படிச் சொன்ன பிறகுதான் யாருடைய சொல் அது என்று உறைத்தது. அவன் நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான். வாசல்வரை அவள் போகவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினாள். முதலாளி எழுந்து வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். காலையில் காலி பிளாஸ்கைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அப்பா மகன் வீட்டுக்குப் போகிறார், தனியாக, முதல் தடவையாக விமானத்தில். அந்தப் பெரிய ஊருக்கு.

"ரொம்பத் தூரமாம்மா? தாங்குவாரா?"

"ஐந்நூத்திப் பத்து கிலோமீட்டர்" என்றாள் அவள், திரையைப் பார்க்காமல். "ஒரு மணி அஞ்சு நிமிஷம்."

"அவ்வளவுதானா! பஸ்ஸுன்னா ஒரு ராத்திரி பூரா ஆகுமே." அந்தப் பெண் யாரிடமோ திரும்பி ஏதோ கேட்டாள். பின்னாலிருந்து ஒரு முதியவரின் குரல் கரகரத்தது. "அப்பா கேக்கறார், அங்க நேரம் மாறுமான்னு. வாட்சை மாத்திக்கணுமாம்."

"வேண்டாம்மா" என்றாள். "அங்கயும் இதே நேரம்தான்."